சயாவின் கம்பிச் சுருள்

1961, ரங்கூனில் அடைமழைக் காலம். தகரக் கூரையில் மழை கொட்டுகிற சத்தத்தில் அறிவியல் சயாவின் (ஆசிரியரைப் பர்மாவில் அப்படித்தான் சொல்வோம்) குரல் பாதிதான் கேட்டது. மேசைமேல் நீளமான கண்ணாடிக் குழாய் ஒன்று, லாரியில் கழற்றிய ஸ்பார்க் பிளக், சுற்றினால் பிளக்கில் பொறி விழ மின்சாரம் தரும் ஒரு மேக்னட்டோ. அதைச் சுற்ற முன் பெஞ்சிலிருந்து ஒருவனைக் கூப்பிட்டார்.

குழாயில் கொஞ்சம் ஸ்பிரிட் ஊற்றிக் குலுக்கி, மிச்சத்தை வடித்தார். பிளக் செருகிய தக்கையால் ஒரு முனையை அடைத்தார். பொறி விழுந்ததும் நீலச் சுடர் ஒன்று 'ஊம்' என்று திறந்த முனைக்கு ஓடியது. கண்ணால் தொடர முடிந்தது. அப்புறம் உள்ளே ஒரு கம்பிச் சுருளை நுழைத்து, திரும்பவும் அதையே செய்தார். டப்! சுடரை யாருமே பார்க்கவில்லை.

"அதே ஸ்பிரிட், அதே காற்று. குறுக்கே கம்பி இருந்தா மெதுவாத்தானே போகணும்?" என்று கேட்டார். எங்களுக்குப் பதில் தெரியவில்லை.

தம் லுங்கியின் ஓரத்தைக் கைக்குள் கசக்கிக் காட்டினார். எரிந்த வாயு சூட்டில் விரிந்து, எரியாத கலவையை முன்னே தள்ளுகிறது. அது கம்பியில் மோதிச் சுழல்கிறது. அந்தச் சுழல்கள் சுடரின் முகத்தைக் கசக்கி மடிக்கின்றன. ஒரு பிடிக்குள் எவ்வளவு துணி அடங்குகிறது! பரப்பு கூடினால் எரிவது கூடும், எரிவது கூடினால் தள்ளுவதும் பலமாகும், சுழலும் பெருகும். (அடுப்பை ஊதுவது வேறு சங்கதி. அங்கே கரிக்குக் காற்றுக் கொடுக்கிறோம்.)

1964ல் நாங்கள் பர்மாவை விட்டுக் கப்பலேறினோம். பிறகு எஞ்சின்களோடுதான் என் பிழைப்பு. அசையாமல் நிற்கும் பெட்ரோல் ஆவிக் கலவையைச் சாதாரணக் காற்றழுத்தத்தில் சுடர் நொடிக்குச் சுமார் 40 சென்டிமீட்டர்தான் தின்று முன்னேறும். நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடும் எஞ்சினிலோ ஒரு சுற்றுக்கே 20 மில்லிநொடிதான். வேகத்தை இரட்டித்தால் அதிலும் பாதி. ஆனாலும் சுடர் பின்தங்குவதில்லை. பிஸ்டன் வேகமாக ஓட ஓட உள்ளே கொந்தளிப்பும் ஏறுகிறது, சுடரும் கூடவே விரைகிறது. பெரிய சுழல்கள் சுடரை மடிக்கின்றன, சிறியவை அதற்குள்ளேயே புகுந்து வெப்பத்தை வேகமாகப் பரப்புகின்றன என்று ஜெர்மானியர் டாம்கோலர் 1940லேயே பிரித்துச் சொல்லியிருந்தார். அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்த லுங்கி மடிப்பே கண்ணில் நின்றது. கொந்தளிப்பு அளவு மீறினால் சுடர் இழுபட்டு, சூடிழந்து, அணைந்தும் போகும். இதைச் சயாவிடம் சொல்ல எனக்குக் கொடுத்துவைக்கவில்லை.

அன்று மேக்னட்டோவைச் சுற்றியவர் இதைப் படித்தால், தயவுசெய்து சங்கத்துக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள்.