நிக்கேய் மேஜைக் குறிப்புகள்

பிப்ரவரி 7, வெள்ளி

அண்ணனுக்குப் பதவி உயர்வு. அதற்கான விருந்துக்கு அவரே இடம் பிடித்திருந்தார்: பெரு நாட்டுச் சமையலையும் ஜப்பானியச் சமையலையும் கலந்து தரும் நிக்கேய் உணவகம். பெயர் வேண்டாம்.

முதலில் வந்தது செவிச்சே. பச்சை மீன் துண்டுகளை எலுமிச்சைச் சாற்றில் புரட்டித் தருவது. புளிப்பு பட்டதும் மீனின் புரதம் இறுகி, அடுப்பைக் காணாமலே வெந்த நிறத்துக்கு வந்துவிடும். தட்டை வைத்த பெண், "சாறு சேர்த்து சில நிமிஷம்தான் ஆகுது. பேசிக்கிட்டு இருக்காம உடனே சாப்பிட்டுடுங்க" என்றார். துண்டின் ஓரம் வெளுத்திருந்தது, நடுப்பகுதி இன்னும் பச்சையாக இருந்தது. பல் படும்போது வெளியே இறுக்கம், உள்ளே வழுவழுப்பு. அவர் சொல்லாமல் இருந்திருந்தால் படம் எடுத்து, வாழ்த்து சொல்லி, ஆற அமரச் சாப்பிட்டிருப்போம். அந்த ருசி கைநழுவிப் போயிருக்கும்.

அண்ணி சைவம். மிசோ என்கிற புளித்த சோயா விழுது தடவிச் சுட்ட கத்தரிக்காயைக் கேட்டார். அந்தப் பெண் கொஞ்சம் யோசித்து, "மிசோவை டாஷியில கரைக்கிறோம் மேடம். டாஷியில மீன் இருக்கு. கொம்பு மட்டும் போட்டுச் செய்ய முடியுமான்னு கேட்டுட்டு வர்றேன்" என்று உள்ளே போனார். திரும்பி வந்து, முடியும் என்றார். கொம்பு ஒருவகைக் கடற்பாசி. வழக்கமான டாஷி அதையும் கட்சுவோபுஷி என்கிற காய்ந்த மீன் சீவலையும் சேர்த்து இறக்கும் சாறு. அண்ணி நிம்மதியாகச் சாப்பிட்டார்.

பிப்ரவரி 8

காலையிலிருந்து அந்த மீன்தான் நினைவில். 1899-இல் சகுரா மாரு என்ற கப்பலில் 790 ஜப்பானியர்கள் பெருவின் கயாவோ துறைமுகத்தில் போய் இறங்கினார்கள். கரும்புத் தோட்ட வேலைக்குப் போனவர்கள். பிறகு அவர்களில் பலர் நகரத்துக்கு வந்து சிறு கடைகளும் சாப்பாட்டுக் கடைகளும் வைத்தார்கள். மணிக்கணக்கில் புளிப்பில் ஊறிக்கொண்டிருந்த செவிச்சே, சில நிமிட வேலையாகச் சுருங்கியதில் அவர்களுடைய கைப்பக்குவத்துக்குப் பெரிய பங்கு உண்டு. பச்சை மீனின் சுவை தெரிந்தவர்கள் ஆயிற்றே. ஜப்பானியச் சமையல்காரர் நோபு மாட்சுஹிஸா 1970-களில் பெருவின் லிமாவில் சமைத்துவிட்டு, 1987-இல் பெவர்லி ஹில்ஸில் உணவகம் திறந்த பிறகு இந்த ருசி உலகமெல்லாம் போனது.

பிப்ரவரி 22, சனி

அண்ணனும் அண்ணியும் கூட வர, ஒரு நண்பரை அதே இடத்துக்கு அழைத்துப் போனோம். நான் அவ்வளவு புகழ்ந்து வைத்திருந்தேன்.

இடம் நிரம்பி வழிந்தது. முன்பதிவு இருந்தும் வாசலில் நின்றோம். உட்கார்ந்த பிறகு தண்ணீரைக் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. சரி, சனிக்கிழமை என்று விட்டுவிட்டேன். அப்புறம் செவிச்சேயும், மாவில் தோய்த்துப் பொரிக்கும் டெம்புராவும் ஒன்றாக வந்தன, இரண்டும் எங்கேயோ காத்திருந்துவிட்டு. மீன் உள்வரை வெளுத்து, ரப்பர் மாதிரி ஆகியிருந்தது. சாறு தட்டின் ஓரத்தில் நீர்த்துத் தனியாக நின்றது. டெம்புராவின் மேல்மாவு ஈரத்தில் நமுத்திருந்தது. அதற்குப் பிறகு நெடுநேரம் ஒன்றும் வரவில்லை.

எனக்குக் கோபம் வந்தது இதற்கெல்லாம் அல்ல. கத்தரிக்காயைக் காட்டி அண்ணி கேட்டபோது, புதிய பையன் நின்ற இடத்திலிருந்தே "சைவம்தான் மேடம்" என்றான். "டாஷி சேர்ப்பீங்களே?" என்றார் அண்ணி. "அது வெறும் சாஸ்தான் மேடம்." உள்ளே போய்க் கேட்டு வரச் சொன்னோம். போனவன் முகம் மாறி வந்தான். மீன் இருக்கிறதாம். போன முறை வந்த பெண் விசாரித்தது அண்ணிக்கு நினைவிருந்ததால் தப்பித்தோம். முதல் முறை வருகிற ஒரு சைவக்காரர் என்ன செய்வார்? பொன்சு என்கிற சாஸ் வெறும் புளிப்புச் சாறு என்றுதான் அவர் நினைப்பார். அதிலும் பெரும்பாலும் மீன் சீவல் உண்டு. இரண்டு நாட்டுச் சமையல் கலக்கும் இடத்தில் தட்டைப் பார்த்து எதையும் கண்டுபிடிக்க முடியாது. கொண்டு வருகிறவர் வாயால்தான் தெரிய வேண்டும்.

கடைசியில் வந்த மிசோ பிளாக் காட் அற்புதம். முள்கரண்டி பட்டதும் ஏடு ஏடாகப் பிரிந்தது, விளிம்பில் சர்க்கரை கருகிய மணம். அந்த மீன் இரண்டு மூன்று நாள் மிசோவில் ஊறிய பிறகே அடுப்புக்கு வருகிறது. பொறுமையாக முன்பே செய்து வைத்தது நன்றாக இருந்தது, கடைசி நிமிடங்களை நம்பியிருந்தது கெட்டது. சமையல்காரர்கள் அதே ஆட்கள்தான் என்று அப்போது புரிந்தது.

பிப்ரவரி 23

மேலாளருக்கு மின்னஞ்சல் எழுதினேன். உணவைக் குறை சொல்லவில்லை. தட்டு தயாரானதும் எடுக்க ஆள் இல்லாத நிலையில் செவிச்சேயைச் சாறு சேர்க்காமல் நிறுத்தி வைக்கலாம், ஆள் வந்ததும் சேர்க்கலாம் என்று எழுதினேன். சைவமா என்ற கேள்விக்கு, தெரியாவிட்டால் "கேட்டுச் சொல்கிறேன்" என்பதைத் தவிர வேறு பதிலே வரக்கூடாது என்றும்.

பிப்ரவரி 26

அவரே தொலைபேசியில் அழைத்தார். அன்று அனுபவமுள்ளவர்கள் சிலர் விடுப்பாம். புதியவர்களை, மாலையில் வழக்கமாக நடக்கும் விளக்கக் கூட்டம்கூட இல்லாமல், நேரே மேஜைகளுக்கு அனுப்பியிருக்கிறார்கள். மறைக்காமல் சொன்னது எனக்குப் பிடித்தது. இலவசமாக ஒரு விருந்து தருவதாகச் சொன்னார். அது வேண்டாம், மீன் கலந்த சாஸ்களுக்கு மெனுவில் ஒரு குறி போடுங்கள் என்றேன். அண்ணியும் அதையேதான் சொல்லச் சொன்னார்.

மார்ச் 13, வியாழன்

மதியம் நானும் அண்ணியும் மட்டும் போனோம். மெனுவில் சின்ன மீன் குறி வந்திருக்கிறது. ஆனால் பொன்சு சேர்த்த காளான் தட்டில் அதைக் காணோம். அதே பையன்தான் வந்தான். அண்ணி கேட்பதற்கு முன்பே, "விசாரிச்சுட்டு வந்துடறேன் மேடம்" என்று நடந்தான். அதிலும் மீன் உண்டு என்று வந்து சொல்லி, மெனுவில் பேனாவால் குறித்துக்கொண்டான்.

செவிச்சே சரியான பதத்தில் வந்தது. பழம் வைத்த இனிப்புக்குத்தான் வெகுநேரம் காத்திருந்தோம், ஏன் என்று யாரும் சொல்லவில்லை. அடுத்த முறையும் வார நாளில்தான் போகப் போகிறோம். சனிக்கிழமை போக நேர்ந்தால் காட் மீனோடு நிறுத்திக்கொள்வேன்.