பத்தாயத்துக்குள் ட்ராக் டயர்

பந்தயத் தடத்தில் பைக் ஓட்டுவதற்கான ட்ராக் டயர்களைப் பற்றி வெளிநாட்டு டயர்காரர்கள் தவறாமல் சொல்லும் ஓர் எச்சரிக்கை உண்டு: உறைகுளிரில் வைக்காதீர்கள். மைனஸ் 7 டிகிரி வரை குளிர்ந்துவிட்ட டயரை வளைக்கவோ ரிம்மில் ஏற்றவோ கூடாது. 5 டிகிரிக்கு மேல் உள்ள அறையில் 24 மணி நேரமாவது வைத்திருந்த பிறகே தொட வேண்டும். மீறினால் தரையில் படும் மேல்பகுதியான ட்ரெட்டில் விரிசல் விடும். பாளையங்கோட்டையில் உட்கார்ந்து இதைப் படித்தால் சிரிப்புத்தான் வரும். மார்கழி விடியற்காலையில்கூட இங்கே 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம்.

ஆனால் காரணத்தைத் தோண்டினால் நமக்கும் அதில் பங்கு இருக்கிறது. எந்த ரப்பருக்கும் ஒரு வெப்பநிலை உண்டு. அதற்குக் கீழே போனால் இழுபடும் தன்மை போய்க் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். இயற்கை ரப்பருக்கு அது மைனஸ் 70 டிகிரி பக்கம். ட்ராக் டயர் கலவையில் பிடிப்பு வேண்டும் என்பதற்காக அந்த எல்லையை வேண்டுமென்றே மேலே ஏற்றி வைக்கிறார்கள். அது 80, 90 டிகிரிச் சூட்டில் வேலை செய்யப் பிறந்தது. அந்தக் கணக்கில் நம்ம ஊர்ச் சித்திரை வெயிலே அதற்குக் குளிர்தான். அப்படியானால் வெயிலில் கிடந்தால் நல்லதா என்றால், அதுவும் இல்லை. ஓடும்போது சில நிமிடங்கள் சூடாவது வேறு, மாதக்கணக்கில் 40 டிகிரியில் கிடப்பது வேறு. கலவையில் உள்ள எண்ணெய் மெல்ல வெளியேறும், உள்ளே ரப்பர் இழைகளின் பிணைப்பும் கூடிக்கொண்டே போகும், டயர் இறுகும். 10 டிகிரி கூடினால் வேதிவினையின் வேகம் ஏறத்தாழ இரண்டு மடங்கு என்று பள்ளிக்கூடத்தில் படித்த தோராயக் கணக்கை வைத்துப் பாருங்கள். 42 டிகிரிக் கொட்டகைக்கும் 30 டிகிரி அறைக்கும் உள்ள வித்தியாசம் பெரிது.

என்னிடம் இருப்பது கேடிஎம் ஆர்சி 390 பைக். டயர் அளவு முன்னால் 110/70-17, பின்னால் 150/60-17. கோயம்புத்தூர் செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே பந்தயத் தடத்துக்குப் போவதற்கென்று மட்டும் ஒரு ஜோடி மென்கலவை டயர் வைத்திருக்கிறேன். ஐப்பசி அடைமழை தொடங்கினால் வண்டிக்குச் சாதா டயர் ஏறிவிடும். ட்ராக் ஜோடி பொங்கல் முடியும்வரை சும்மா கிடக்க வேண்டும். அந்த மூன்று மாதம் அதை எங்கே வைப்பது என்பதுதான் இந்தத் தடவை நான் எடுத்துக்கொண்ட வேலை.

முதலில் குளிர்க் கதையையே சோதித்துப் பார்க்க ஆசை வந்தது. தேய்ந்துபோன பழைய ட்ராக் டயரிலிருந்து ட்ரெட்டை விரல் அகலத்துக்குக் கீற்றுகளாக அறுத்தேன். மேலப்பாளையத்தில் மீன் கடை வைத்திருக்கும் நண்பரின் ஃப்ரீசரில் ஒரு கீற்றைப் போட்டேன். "என்னவே, சீலா மீனு பக்கத்துல டயரு கெடந்தா யாவாரம் வெளங்குமா?" என்றார். மறுநாள் காலை ஃப்ரீசர் மைனஸ் 16 காட்டியது. வெளியே 31 டிகிரியில் 58 காட்டிய ரப்பர், ரப்பரின் இறுக்கத்தை அளக்கும் ஷோர் ஏ டியூரோமீட்டரில் 80ஐத் தாண்டி நின்றது; எண் கூடினால் இறுக்கம் கூடுதல். மெதுவாக வளைத்தபோது முரண்டு பிடித்ததே தவிர உடையவில்லை. ஆனால் கத்தி பட்டு ஏற்கெனவே லேசாகக் கீறியிருந்த இடத்தில் வெடுக்கென்று வளைத்ததும் கீறல் வாய் பிளந்தது. ஓடித் தேய்ந்த டயரில் இந்த மாதிரிக் கீறல்களுக்குக் குறைவே இருக்காது. உறைகுளிர் நாட்டில் டயரை ஏன் தொடாதே என்கிறார்கள் என்பது அப்போது கையிலேயே தெரிந்தது. கீற்று உள்ளங்கைச் சூட்டில் சிறிது நேரத்தில் பழையபடி நெகிழ்ந்துவிட்டது.

சரி, நம்ம ஊர் எதிரிகளுக்கு வருவோம். சூடு ஒன்று. அடுத்தது ஓசோன். இது கண்ணுக்குத் தெரியாமல் வேலை செய்யும். அதுவும் இழுபட்ட நிலையில் இருக்கும் ரப்பரைத்தான் முதலில் பிடிக்கும். இழுப்புக்குக் குறுக்காக நுண்விரிசல் விழும். ஓசோனுக்குப் பயந்து கிணற்று மோட்டார் பக்கம் டயரை வைக்காதே என்பார்கள். வீட்டு மோட்டார்கள் பெரும்பாலும் பிரஷ் இல்லாத இண்டக்‌ஷன் மோட்டார்கள். அவற்றால் பெரிய தொல்லை இல்லை. மிக்சி, ட்ரில் மாதிரி பிரஷ்ஷில் பொறி பறக்கும் மோட்டாரும் வெல்டிங்கும்தான் ஓசோனைக் கக்கும். எங்கள் கார் ஷெட்டுக்குச் சுவரை ஒட்டினாற்போல ஒரு கிரில் வெல்டிங் பட்டறை.

ஆகவே மூன்று இடங்களைத் தேர்ந்தேன்: மொட்டை மாடித் தகரக் கொட்டகை, பட்டறையை ஒட்டிய கார் ஷெட், சேரன்மகாதேவியில் ஆச்சி வீட்டுப் பத்தாயம். பழைய டயரின் பக்கவாட்டுச் சுவரிலிருந்து அறுத்த கீற்றுகளை வளையமாக மடக்கி, கேபிள் டையால் இறுக்கி, ஒவ்வோர் இடத்திலும் ஒன்று தொங்கவிட்டேன். பக்கத்திலேயே மடக்காத கீற்று ஒன்றும். கூடவே ஈரப்பதமும் காட்டும் மலிவான டிஜிட்டல் தெர்மாமீட்டர்.

பத்தாயம் என்றதும் ஆச்சி முகம் மாறிவிட்டது. "ஏல, நெல்லு போடுத எடத்துல சக்கரத்தையா போடப் போற? எலிகூட இனி அந்தப் பக்கம் வராதுல!"

"எலி வராட்டா நல்லதுதான ஆச்சி" என்று சமாளித்தேன். உண்மையில் அந்தப் பருவத்தில் பத்தாயம் காலிதான். கார் பருவத்து நெல் போயிருக்கும், அடுத்த பருவமான பிசானத்து நெல் வயலில் நிற்கும். பிசான அறுப்புக்குள் எடுத்துவிட வேண்டும், உள்ளே துடைத்துத் தர வேண்டும் என்று இரண்டு நிபந்தனை. உள்ளே ஒரு மூலையில் கிடந்த அந்துருண்டைகளை நான் முதலிலேயே பொறுக்கி வெளியே போட்டேன். கரைப்பான், பெட்ரோல் ஆவி போலவே அதுவும் ரப்பருக்குள் இறங்கக்கூடிய சரக்கு.

டயரை வைக்கும் முன் செய்தது அதிகமில்லை. சோப்புத் தண்ணீரில் கழுவி, ட்ரெட்டில் ஒட்டிய ரப்பர் உருண்டைகளையும் பொடிக்கல்லையும் எடுத்து, இரண்டு நாள் நிழலில் உலர்த்தினேன். பளபளப்புத் திரவம் எதுவும் போடவில்லை. டயர் பழுப்பாகத் தெரிந்தால் சிலருக்குக் கை சும்மா இருக்காது, தேய்த்து எடுத்துவிடுவார்கள். ஓசோனைத் தடுக்கக் கலவையிலேயே போட்டிருக்கும் 6-பிபிடி என்ற பொருள் மேலே கசிந்து வருவதால் வரும் நிறம் அது. தன் கவசத்தை அதுவே போட்டுக்கொள்கிறது, விட்டுவிடுங்கள். பிறகு ஒவ்வொன்றையும் கனமான கறுப்புப் பாலித்தீன் பையில் போட்டு, வாக்குவம் கிளீனரால் காற்றை இழுத்து, வாயை டேப்பால் ஒட்டினேன். ரிம் இல்லாத டயர் என்பதால் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல் நிற்க வைத்தேன். ஆணியில் மாட்டுவது அறவே கூடாது. தொங்கும் இடத்தில், ரிம்மைக் கவ்வும் உள்விளிம்பான பீட் வளைந்துவிடும். ஒரே இடத்தில் அழுந்தாமலிருக்க மாதம் ஒருமுறை கால் சுற்று உருட்ட வேண்டும். அமாவாசைக்கு அமாவாசை உருட்டிவிடுங்கள் என்று ஆச்சியிடம் சொல்லி வைத்தேன். என்னைவிட ஒழுங்காகச் செய்தது ஆச்சிதான்.

பத்தாயத்துக்கு இன்னொரு அனுகூலம், அது கால் வைத்து உயரமாக நிற்கிறது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி எப்படி வந்தது என்று பார்த்தவர்கள் யாரும் தரையில் எதையும் நம்பி வைக்க மாட்டார்கள். பையில் போடுவதற்கும் ரப்பரைத் தாண்டிய காரணம் உண்டு. திறந்து கிடக்கும் டயரில் ஒரு குவளை மழைத்தண்ணீர் நின்றாலும் ஏடிஸ் கொசுவுக்குப் போதும். 2012இல் கடையநல்லூர்ப் பக்கம் டெங்கு பட்ட பாட்டுக்குப் பிறகு, கொசுப்புழு பார்க்க வருகிறவர்கள் டயரைக் கண்டால் விடுவதில்லை. அது சரியும்கூட.

தை பிறந்ததும் போய்ப் பார்த்தேன். மாடிக் கொட்டகை வெயில் அடித்த பகல்களில் 43 வரை போயிருந்தது, மழை இரவில் 24க்கு இறங்கியது. பத்தாயத்துக்குள் 26க்கும் 30க்கும் நடுவிலேயே ஆடிக்கொண்டிருந்தது. ஈரப்பதம்தான் 80ஐ ஒட்டியே இருந்தது. வளையங்களில், மாடியில் தொங்கியதன் வளைவு முழுக்க நகக்கீறல் அளவுக்கு விரிசல். கார் ஷெட்டில் இருந்ததில் லென்ஸ் வைத்தால் தெரிகிற மெல்லிய கோடுகள்; பட்டறைக்கு இவ்வளவு பக்கத்தில் இதைவிட மோசமாக எதிர்பார்த்தேன். ஓசோன் வெகு சீக்கிரம் சிதைந்துவிடும் என்பதால் சுவருக்கு இந்தப் பக்கம் குறைவாகத்தான் வந்திருக்க வேண்டும். பத்தாயத்து வளையத்தில் எதுவும் இல்லை. மடக்காத கீற்றுகள் மூன்று இடத்திலும் சுத்தம். ஒழுங்கில்லாமல் ஒன்றன்மேல் ஒன்று நசுங்கிக் கிடக்கும் டயரில்தான் முதலில் விரிசல் விழும் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

டயரின் இறுக்கம், 30 டிகிரியிலேயே வைத்து அளந்தபோது, வைக்கும்போது 56, எடுக்கும்போது 57. என் கை அழுத்தும் விதத்துக்கே ஒரு புள்ளி ஏறி இறங்கும் என்பதால் மாறவில்லை என்றே எடுத்துக்கொள்கிறேன். பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத் தேதியையும் குறித்து வைத்தேன்; 3123 என்றால் 2023ஆம் ஆண்டின் 31ஆவது வாரம். வயது ஏறுவதைப் பத்தாயம் தள்ளிப் போடுமே தவிர நிறுத்தாது.

மாசியில் அறுப்பு, பத்தாயம் நெல்லுக்குப் போய்விடும். ஆனால் டயருக்கு உண்மையான சோதனை பங்குனி, சித்திரைதான். அதற்குப் பாளையங்கோட்டை வீட்டிலேயே வடக்குப் பார்த்த அறையில், கட்டிலுக்கு அடியில் நுழைகிற மாதிரி ஒரு ப்ளைவுட் பெட்டி அடிக்கச் சொல்லியிருக்கிறேன். உள்பக்கம் தெர்மாகோல் ஒட்ட வேண்டும். கீற்று வளையங்கள் புதிதாக அறுத்தாயிற்று. இந்தத் தடவை ஒன்றை ஃப்ரிட்ஜின் பின்பக்கமும் தொங்கவிடப் போகிறேன்.