பேங்க் இன்ஜினியர் வரும் நாள்

வீட்டுக்கடன் கேட்டவர்களின் மனையையும் கட்டடத்தையும் பார்த்து, வங்கிக்கு மதிப்புப் போட்டுக் கொடுப்பது என் வேலை. அடையாள அட்டையில் மதிப்பீட்டாளர் என்று இருக்கும். போகிற வீட்டில் 'பேங்க் இன்ஜினியர் வந்திருக்கார்' என்றுதான் குரல் கேட்கும்.

2023இல் திருச்சியை அடுத்த திருவெறும்பூர் பக்கம் ஒரு வீடு பார்க்கப் போனேன். கேட்டைத் திறக்கும்போதே பெயிண்ட் வாசனை. விற்பவர் பணி ஓய்வு பெற்றவர். "நீங்க வர்றீங்கன்னுதான் சார் போன வாரம் அடிச்சோம்" என்றார். எனக்குச் சங்கடமாகிவிட்டது. பெயிண்ட் புதிதா என்று என் படிவத்தில் ஒரு கேள்வியும் இல்லை.

நான் முதலில் கேட்பது காகிதங்களைத்தான். தாய்ப்பத்திரம், கிரயப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, அனுமதி வாங்கிய வரைபடம், வீட்டுவரி ரசீது, கரண்ட் கார்டு. நகல் இருந்தால் போதும். அவரிடம் பட்டாவைத் தவிர எல்லாம் இருந்தது. 2001இல் மனை வாங்கியவர் தனிப்பட்டாவுக்கு எழுதிக் கொடுக்கவே இல்லை. பலர் பெயரும் சேர்ந்திருக்கும் கூட்டுப் பட்டாவிலேயே விட்டுவிட்டார்.

அது எங்கே இடித்தது என்பது டேப்பைப் பிடித்தபோது தெரிந்தது. பின்பக்கம் பழைய சைக்கிள், தென்னை மட்டை, ஓடுகள் எல்லாம் மதிலை ஒட்டி அடுக்கிக் கிடந்தன. டேப் மதிலைத் தொடாமல் அளவை எழுத முடியாது. ஒதுக்கவே அரை மணி நேரமாயிற்று. பத்திரத்தில் 30 அடிக்கு 60 அடி, 1,800 சதுர அடி. அகலம் 29 அடிதான் வந்தது. மறுபடி பிடித்தேன், அதே 29. பக்கத்து மனைக்காரர் பின்னாளில் மதில் கட்டியபோது ஓர் அடி உள்ளே வந்திருக்கிறார். தனிப்பட்டாவுக்கு சர்வேயர் வந்து எல்லையை அளந்து வைத்திருந்தால், மதில் கட்டும்போதே பிடிபட்டிருக்கும்.

"ஒரு அடிதானே சார்?" என்றார். 60 அடி நீளத்துக்கு ஓர் அடி என்றால் 60 சதுர அடி. அந்தத் தெருவில் அப்போது சதுர அடி 2,000 ரூபாய். 1,20,000 ரூபாய் போய்விடும். பத்திர அளவு, தரையில் உள்ள அளவு, இரண்டில் எது குறைவோ அதைத்தான் எழுதுவோம்.

மாடியில் ஓர் அறை இருந்தது, 220 சதுர அடி. மகள் படிக்க 2011இல் கட்டியது, நல்ல கட்டுமானம். ஆனால் வரைபடத்தில் இல்லை. அதற்கு நான் ஒரு ரூபாயும் போட முடியாது. அதைச் சொன்னபோது அவர் பேசவில்லை. உள்ளே போய் ஒரு நீள நோட்டை எடுத்து வந்தார். 2003இல் வீடு கட்டியபோது எழுதிய கணக்கு. மணல் எத்தனை லோடு, கம்பி எத்தனை கிலோ, எந்த நாள் எத்தனை சித்தாள் என்று பக்கம் பக்கமாக இருந்தது. கடைசிப் பக்கத்தில் பென்சிலால் ஒரு படம்: செப்டிக் டேங்க் எங்கே, தண்ணீர்க் குழாய் எந்தத் தரைக்குக் கீழே போகிறது, போர்வெல் எங்கே. "இதுக்கு மதிப்பு உண்டா சார்?" என்று கேட்டார். இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "நல்லா வச்சிருக்கீங்க ஐயா" என்றேன்.

என் கணக்கு இதுதான். மனை 1,740 சதுர அடிக்கு 34.8 லட்சம். கீழ்த்தளம் 1,250 சதுர அடி, 2023இல் புதிதாகக் கட்ட ஆகும் 2,200 ரூபாய் வீதம் 27.5 லட்சம். கான்கிரீட் கட்டடத்துக்கு 60 வருட ஆயுள், முடிவில் 10 சதவீதம் மிஞ்சும் என்று வைத்தால் 20 வருடத்துக்கு 30 சதவீதம் தேய்மானம், 19.25 லட்சம் நிற்கும். கூட்டினால் சுமார் 54 லட்சம். விற்பவரும் வாங்குபவரும் பேசியிருந்த விலை 62 லட்சம். அறிக்கை வங்கிக்குப் போகும். விற்பவரிடம் நான் தொகையைச் சொல்லக்கூடாது.

அடி வாங்கியது வாங்குபவர், சின்ன வயதுத் தம்பி. 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான கடனுக்கு மதிப்பில் 80 சதவீதம்தான் உச்சம் என்பது ரிசர்வ் வங்கி விதி. 62 லட்சத்துக்கு 49.6 லட்சம் வரும் என்று நம்பியிருந்தார்; 43.2தான் வந்தது. 6.4 லட்சம் துண்டு விழுந்தது. முத்திரைத்தாள் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் இரண்டும் தனியாகக் கைப்பணம். ஐந்து லட்சம் அட்வான்ஸ் வேறு கொடுத்திருந்தார். கடன் கிடைக்காவிட்டால் அதைத் திருப்பித் தர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரியும் இல்லை. வீடு வாங்கப் போகிறவர்கள் யாரிடமும் இந்த ஒரு வரியைத்தான் நான் கெஞ்சாத குறையாகச் சொல்வேன். அப்புறம், அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே டேப்போடு ஒருமுறை போய் வாருங்கள்.

பத்து நாள் கழித்துப் பெரியவர் போன் செய்தார். குரலில் கோபம் இல்லை. தம்பி வந்து விஷயத்தைச் சொல்லி, இருவரும் உட்கார்ந்து பேசி 57 லட்சத்துக்கு முடித்திருக்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரர் ஓர் அடியை விட மாட்டேன் என்றாராம். பத்திரத்தில் 29 அடி என்றே எழுதப்போகிறார்களாம்.

"அந்த நோட்டை என்ன செஞ்சீங்க ஐயா?" என்று கேட்டேன்.

"தம்பிகிட்ட சாவியோட குடுக்கப் போறேன் சார். குழாய் எங்க போகுதுன்னு அவருக்குத் தெரியணுமில்ல" என்றார்.