எட்டா, ஒன்பதா?

போன ஐப்பசியில் வீரவநல்லூர்ப் பக்கமிருந்து ஓர் ஆச்சி கடைக்கு வந்தார்கள். பேத்திக்குத் தலைதீபாவளி, செலவு இருக்கிறது. இடுப்பில் செருகியிருந்த சுருக்குப் பையை அவிழ்த்து மேசையில் கொட்டினார்கள். பதினோரு வெள்ளி ரூபாய். அதில் ஒன்று மட்டும் ஆற்றுக் கூழாங்கல் மாதிரி மழமழவென்று இருந்தது. தலை தெரிகிறது, கிரீடம் தெரிகிறது, வருசத்தைக் காணோம்.

"ராசா, மத்ததெல்லாம் எடைக்குப் போட்டுரலாம். இதுல என்ன வருசம்னு மட்டும் பாத்துச் சொல்லு. சில வருசத்துக் காசுக்கு லட்சம் லட்சமா தாரானுவளாம், பேரன் செல்லுல பாத்துட்டுச் சொல்லுதான்."

நெல்லை டவுனில் ரத வீதியை ஒட்டிய ஒரு வெள்ளிக் கடையில் பதினேழு வருடமாக வேலை பார்க்கிறேன். கொலுசு, அரைஞாண், ஒடுங்கிப்போன குங்குமச் சிமிழ், பழைய காசு என்று வருவதை உரசிப் பார்த்து, எடை போட்டு, விலை சொல்வது என் வேலை. இதற்கு முன்னால் எடுபிடியாக இருந்த கடையில் வருசம் தேய்ந்த காசுகளைத் தனியாக ஒரு டப்பாவில் போட்டு வைப்பார்கள். டப்பா நிறைந்ததும் உருக்கப் போய்விடும். அதில் என்னவெல்லாம் போயிற்று என்று யாருக்கும் தெரியாது. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு மனசு ஆறுவதில்லை.

நானும் ஒரு காசைப் பாழாக்கியிருக்கிறேன். தூத்துக்குடிப் பக்கத்து மீனவர் ஒருவர் ஒரு செப்புக் காசு கொண்டு வந்தார். ஒரு பக்கம் டச்சுக் கம்பெனியின் முத்திரை. வி என்ற எழுத்தின் இரண்டு கால்களிலும் ஓவும் சியும் கோத்திருக்கும். 1658 முதல் 1825 வரை, நடுவில் சில காலம் போக, தூத்துக்குடி டச்சுக்காரர் கையில் இருந்த ஊர். துட்டு என்று நாம் சொல்வதே 'டொயிட்' என்ற அவர்கள் காசின் பெயரிலிருந்து வந்தது என்பார்கள். முத்திரைக்குக் கீழே, கரும்பச்சைக் களிம்புக்குள் மூன்று இலக்கங்கள் நிழலாகத் தெரிந்தன. நன்றாகத் தெரியட்டுமே என்று வீட்டில் செம்பு விளக்குவது போலப் புளியும் உப்பும் போட்டுத் தேய்த்தேன். காசு பளபளவென்று ஆகிவிட்டது. இலக்கம் போய்விட்டது. அந்த வருசத்தைப் பிடித்து வைத்திருந்ததே களிம்புதான். வெறும் உலோகத்தில் ஒன்றும் மிச்சமில்லை. அந்த மனிதர் ஒன்றும் சொல்லாமல் காசைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனார். பழைய காசு வைத்திருப்பவர்களிடம் நான் கெஞ்சிக் கேட்பது ஒன்றுதான்: புளி வேண்டாம், விபூதி வேண்டாம், பல்பொடி வேண்டாம். அழுக்கோடேயே கொண்டு வாருங்கள்.

காசு பார்க்கக் கற்றுக்கொடுத்தவர் இப்போதைய கடை அண்ணாச்சி. "வருசத்த மொதல்ல தேடாதலே. தலையப் பாரு, எழுத்தப் பாரு, எடையப் பாரு. வருசம் தானா வரும்" என்பார். கேட்கும்போது அது எனக்குப் புரியவில்லை. விக்டோரியா ரூபாய்களைப் பார்க்கப் பார்க்கத்தான் புரிந்தது. கிரீடம் இல்லாமல் கூந்தலை முடிந்த ராணி என்றால் 1840 என்று பொறித்த காசு. கிரீடம் வைத்த ராணி என்றால் 1862 அல்லது அதற்குப் பிறகு. பெயருக்குப் பக்கத்தில் குயின் என்றிருந்தால் 1876 வரை, எம்பிரஸ், அதாவது சக்கரவர்த்தினி, என்றிருந்தால் 1877 முதல். எழுத்தெல்லாம் தேய்ந்து, ஓரத்தில் கடைசி எஸ்ஸின் வளைவு மட்டும் மிச்சமிருந்தாலும் போதும், சக்கரவர்த்தினி பட்டத்துக்குப் பிந்தைய காசு என்று தைரியமாகச் சொல்லலாம்.

வருசம் தெளிவாக இருக்கும் காசும் நேராகப் பேசுவதில்லை. 1840 என்ற அச்சை அடுத்த இருபது வருடம் மாற்றாமலே அடித்துக்கொண்டிருந்தார்கள். 1862-ம் அப்படித்தான், 1874 வரை அதே எண். இந்த 1862 காசில் எந்த வருடம் அடித்தது என்பதற்கு அடையாளமாகச் சின்னச் சின்னப் புள்ளிகள் வைத்தார்கள். செங்கோட்டைப் பக்கமிருந்து வரும் திருவிதாங்கூர்க் காசு இன்னொரு விதம். அந்த ஊர் 1949 வரை திருவிதாங்கூரிலும், பிறகு 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்தது, அதனால் அங்கே வீட்டுக்கு வீடு ஒன்றிரண்டு கிடக்கும். ஒருவர் 1106 என்று போட்ட அரை ரூபாயைக் கொண்டு வந்து, தொள்ளாயிரம் வருசத்துக் காசு என்று கையை நடுங்க நடுங்க நீட்டினார். அது கொல்லம் ஆண்டு, மலையாள நாட்டு வருசக் கணக்கு. 825 கூட்டினால் 1931. நம் பக்கத்துப் பழைய பத்திரங்களிலும் கொல்லம் ஆண்டு உண்டு என்று சொன்னதும், தாத்தா காலத்துப் பத்திரத்தில் பார்த்த ஞாபகம் அவருக்கே வந்துவிட்டது.

ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயில் எனக்குப் பிடித்த இடம் ராஜாவின் மார்பு. அங்கியில் ஒரு சின்ன யானை இருக்கும். 1911-ல் அடித்த காசில் தும்பிக்கை குட்டையாக விழுந்து, பார்க்கப் பன்றி போல இருந்தது. எதிர்ப்பு கிளம்பி, 1912-ல் தும்பிக்கையை நீட்டி அச்சை மாற்றினார்கள். ஆகவே வருசம் முழுக்க அழிந்த ஜார்ஜ் ரூபாயிலும் அந்தக் குட்டைத் தும்பிக்கை பிழைத்திருந்தால் அது 1911 தான். மார்பு மேடான இடம் என்பதால் பெரும்பாலும் முதலில் தேய்வதும் அதுதான் என்பது வேறு விஷயம்.

காலணாவுக்குத் தராசே போதும். ஏழாம் எட்வர்ட் தலை போட்ட காலணா கிட்டத்தட்ட ஆறரை கிராம் இருந்தால் செம்பு, 1906-க்குள் அடித்தது. ஐந்து கிராமுக்குள் இருந்தால் அந்த வருடம் வந்த வெண்கலம், அல்லது அதற்குப் பிந்தியது.

சரி, ஆச்சியின் காசுக்கு வருகிறேன்.

தலை ஆறாம் ஜார்ஜ். எடை பதினொன்றரை கிராமுக்குக் கொஞ்சம் கீழே. புதுசில் 11.66 இருந்திருக்கும், தேய்மானம் போக இது சரிதான். ஆனால் இந்த ராஜாவின் ரூபாயில் எடை உதவாது. 1940-ல் வெள்ளியைப் பாதியாகக் குறைத்தபோதும் எடையைக் குறைக்கவில்லை. அதனால் உரைகல்லை எடுத்தேன். கல்லில் மூன்று கோடு இழுத்தேன். முதலில் கடையில் இருந்த 1919 ரூபாய், அடுத்து 1944 ரூபாய், நடுவில் ஆச்சியின் காசு. 1944 கோடு மங்கலாக, லேசாகச் செம்பு கலந்த நிறத்தில் விழுந்தது. ஆச்சியின் கோடும் 1919-ன் கோடும் ஒரே வெள்ளை. மேசைக் கல்லில் சுண்டிப் பார்த்தேன், கணீரென்றது.

அந்த நிமிடம் எனக்கு வயிற்றில் ஏதோ புரண்டது. ஆறாம் ஜார்ஜ் தலை, நல்ல வெள்ளி. அப்படியானால் 1938 அல்லது 1939. இரண்டு வருசம்தான். 1938 தாராளமாகக் கிடைக்கும். 1939 சேகரிப்பவர்கள் வருடக்கணக்காகத் தேடும் காசு.

கடை டியூப்லைட்டை அணைக்கச் சொல்லிவிட்டு, டார்ச்சை மேசையோடு படுக்க வைத்தேன். வெளிச்சம் மேலிருந்து விழுந்தால் தேய்ந்த காசில் ஒன்றும் தெரியாது. பக்கவாட்டில், காசின் முகத்தை உரசிக்கொண்டு போவது போல விழ வேண்டும். காசைத் துளித் துளியாகத் திருப்பினேன். இந்தியா என்ற ஆங்கில எழுத்துக்குக் கீழே ஒன்று எழுந்தது. அப்புறம் ஒன்பது. அப்புறம் மூன்றின் மேல் வளைவு. கடைசி இலக்கத்தில் மேல் வட்டம் தெளிவாகத் தெரிந்தது. எட்டுக்கும் ஒன்பதுக்கும் மேல் வட்டம் ஒன்றுதான். வித்தியாசமெல்லாம் கீழே இடது பக்கம். அங்கே மூடியிருந்தால் எட்டு, திறந்திருந்தால் ஒன்பது. சரியாக அந்த இடத்தில் ஒரு கீறல் ஓடியிருந்தது. வாயால் ஊதி, ஆவி படர்ந்து மறைவதற்குள் லென்ஸ் வைத்துப் பார்த்தேன். ஒரு கோணத்தில் மூடியது போல இருந்தது, அடுத்த கோணத்தில் திறந்தது போல. அண்ணாச்சியும் பார்த்தார். பத்து நிமிடம் கழித்து லென்ஸை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

இந்த இடத்தில்தான் என் வேலையில் கவனம் வேண்டும் என்று நினைக்கிறேன். 1938-ன் எட்டைச் சுரண்டி ஒன்பதாக்கி விற்பவர்கள் உண்டு, அதனால் வாங்குபவர்கள் இந்த ஓர் இலக்கத்தைத்தான் துருவித் துருவிப் பார்ப்பார்கள். தெளிவில்லாத ஒன்பதை ஒன்பது என்று யாரும் ஏற்க மாட்டார்கள். ஆனால் அதைச் சாக்காக வைத்து, எட்டுதான் ஆச்சி என்று சொல்லி எடை விலைக்கு வாங்கி உள்ளே போட்டுக்கொள்வதும் தப்பு. தெரிந்ததைத் தெரிந்த அளவுக்குச் சொல்லிவிட வேண்டும்.

சொன்னேன். "ஆச்சி, இது முப்பத்தெட்டு இல்லன்னா முப்பத்தொம்பது. ஒம்பதா இருந்தா அபூர்வமான காசு. ஆனா தேஞ்சு போனதால என்னால அடிச்சுச் சொல்ல முடியல. எங்ககிட்ட குடுத்தா எடைக்குத்தான் வெல. நாணயம் சேக்கிற ஆளுககிட்ட காட்டிப் பாக்கணும்னா பேரனக் கூட்டிட்டுப் போங்க. யாராவது செல்லுல கூப்பிட்டு, லட்சம் தாரோம் மொதல்ல பீஸ் கட்டுங்கன்னு கேட்டா மட்டும் ஒரு ரூவாகூட அனுப்பிராதீக." அந்த மாதிரி மோசடி பற்றி 2021-ல் ரிசர்வ் வங்கியே எச்சரிக்கை விட்டிருக்கிறது. அதையும் பேரனிடம் சொல்லச் சொன்னேன்.

ஆச்சி காசை வாங்கிக் கட்டைவிரலால் தடவினார்கள். எங்கே தேய்ந்திருந்ததோ அங்கேயே விரல் போய் நின்றது.

"எங்க அத்த வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம இதக் கழுவிப் பொட்டு வப்பாக. நானும் அப்படித்தான். வெள்ளி நல்ல வெள்ளிதானே?"

"நல்ல வெள்ளி ஆச்சி."

"அப்ப இது கெடக்கட்டும்" என்று சுருக்குப் பையில் போட்டு இழுத்து முடிந்துகொண்டார்கள். மீதிப் பத்துக் காசுக்கு பில் போட்டேன்.