குளத்தங்கரையில் ஒரு தட்டும் கனத்த தாளும்

உலர்மாதிரியாகப் பாதுகாக்கத் தரைச்செடியைச் செய்தித்தாள்களுக்கிடையே வைத்து அழுத்தினால் பெரும்பாலும் அதன் உருவம் கெடுவதில்லை. நீருக்குள் மூழ்கி வாழும் செடிகளுக்கோ, உடலைத் தண்ணீரே தாங்குவதால், தாங்கு திசுக்கள் மிகக் குறைவு. கரைக்கு எடுத்ததும் அவை ஈரக்கூந்தல் போல ஒட்டிச் சுருண்டுவிடும். அதனால் கன்னியாகுமரி மாவட்டத்தின் தேரூர், சுசீந்திரம் குளங்களுக்கு மாதிரி சேகரிக்கச் செல்லும்போது, அழுத்துபலகைக்கு முன்பாகவே அகலமான தட்டு ஒன்றை எடுத்துவைப்பது என் வழக்கம்.

தட்டில் குளத்து நீரையே ஊற்றி, சேறும் நத்தைக்குஞ்சுகளும் போக அலசிய வேலம்பாசியை (நீருக்குள் மூழ்கி வளரும் ஹைட்ரில்லா செடி) அதில் மிதக்கவிட்டு, கனத்த தாளை அடியில் செலுத்தி, இலைவட்டங்கள் இயல்பாக விரிந்திருக்கும்போதே தாளின் ஒரு முனையைச் சாய்வாக உயர்த்த வேண்டும். நீர் வடிய வடியச் செடி தாளில் படிந்துவிடும். அதன்மேல் மெழுகுத்தாளோ மல் துணியோ விரிக்காவிட்டால், மறுநாள் பாதிச் செடி செய்தித்தாளோடு உரிந்து வரும். மழை மாதங்களில் நம் மாவட்டத்துக் காற்றின் ஈரத்துக்கு, உறிஞ்சுதாளை ஒருநாள் மாற்றத் தவறினாலும் பூஞ்சை பிடிக்கும்.

எல்லாவற்றையும் அழுத்தி உலர்த்த வேண்டும் என்பதில்லை. யுட்ரிகுலேரியா என்னும் ஊனுண்ணிச் செடியின் பூச்சி பிடிக்கும் நுண்பைகள் அழுத்தத்தில் நசுங்கிப்போகும் என்பதால், எழுபது விழுக்காட்டு ஆல்கஹால் 90 மி.லி., ஃபார்மலின் 5 மி.லி., அசிட்டிக் அமிலம் 5 மி.லி. கலந்த கரைசலில் ஒரு கிளையையாவது போட்டுவைப்பேன். அல்லிப்பூவை நெடுக்காகப் பிளந்து அழுத்தலாம். நீண்ட இலைக்காம்பை மடித்தால்தான் 42 × 28 செ.மீ. தாளுக்குள் அடங்கும்.

தாளில் நிற்காதவற்றைக் குறிப்பேடுதான் காக்கிறது: பூவின் நிறம், நீரின் ஆழம், அடித்தளம் மணலா சேறா, ஓடும் சானலா தேங்கிய குளமா. வேலம்பாசியின் ஆண்பூக்கள் முதிர்ந்ததும் கழன்று நீர்மேல் மிதப்பவை என்பதால், செடியை மட்டும் வாரி வருபவருக்கு மலர்ந்த ஆண்பூ அகப்படாது. நீர்ப்பரப்பையும் அரித்தெடுக்க வேண்டும். "பாசிய வாரி என்ன செய்யப் போறிய, சாரே?" என்று குளிக்க வந்த பெரியவர் கேட்டபோது இதைச் சொன்னேன், பாசியும் பூக்குமா என்பதுதான் அவருடைய அடுத்த கேள்வி.

கைப்பேசிப் படமே போதும் என்போர் உண்டு. நஜாஸ் என்னும் நீர்மூழ்கிச் செடிகளின் இனங்களைப் பிரித்தறிய விதையுறையின் வரிவடிவத்தை நுண்ணோக்கியில் பார்த்தாக வேண்டும். படத்தில் அது கிடைக்காது. ஆனால் ஒன்றிரண்டு செடிகளே தென்படும் இடத்தில் படத்தோடு நின்றுகொள்வதே முறை என்பேன். சுசீந்திரம் தேரூர் ஈரநிலத் தொகுதி 2022-இல் ராம்சார் தலமாக, அதாவது பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக, அறிவிக்கப்பட்டது. வனத்துறையின் முன் அனுமதி பெற்ற பிறகே அங்கே சேகரிப்பில் இறங்க வேண்டும்.

ஒரு குளத்தில் இறக்கிய வலையையும் செருப்பையும் அடுத்த குளத்துக்குப் போகுமுன் கழுவி வெயிலில் காயவைக்கிறேன். வேலம்பாசியின் தண்டுத் துண்டு ஒன்று கணுவோடு ஒட்டிக்கொண்டிருந்தால், அது போகும் குளத்திலும் முளைத்துவிடும்.