கன்னிக் குட்டியின் தீனித் தட்டு: பாளையங்கோட்டை நாட்குறிப்பு

ஜூன் 8
எட்டு வாரம் முடிந்த கன்னி (தென்னாட்டு வேட்டை நாய்), பெட்டைக் குட்டி. எடை 3 கிலோ. கோவில்பட்டிப் பக்கம் பிறந்தது. கேப்பைக் கூழும் பாலும் தின்று பழகியது. முதல் மூன்று நாள் அதே கூழ்தான், பால் மட்டும் பாதி. தாயை விட்டு வந்த பதற்றமே வயிற்றைக் கலக்கும். அன்றைக்கே தீனியையும் மாற்றினால், கழிச்சல் எதனால் வந்தது என்று பிறகு கண்டுபிடிக்க முடியாது.

நான்கு வேளை: காலை 7, பகல் 11.30, மாலை 4, இரவு 8.30. தட்டு இருபது நிமிடம்தான் தரையில் இருக்கும். மிச்சம் வைத்தால் எடுத்துவிட வேண்டும், கெஞ்சக் கூடாது. தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி, நடுவில் தட்டை வைத்தால் எறும்பு ஏறாது.

ஜூன் 10
“கேப்பையில இல்லாத சத்தா?” என்று கேட்பவர்களுக்காக ஒரு கணக்கு. 100 கிராம் கேப்பை மாவில் கால்சியம் சுமார் 340 மில்லிகிராம். ஒரு நாள் கூழுக்கு மாவு 40 கிராம் தேறும். அதில் 140 மி.கி. கூடவே 200 மில்லி பால் ஊற்றினால் இன்னொரு 240. ஆக மொத்தம் 380. இந்த எடைக் குட்டிக்கு நாளொன்றுக்கு வேண்டியது 1,400-ஐ ஒட்டி. கேப்பையில் உள்ள பைட்டிக் அமிலம், கிடைக்கும் கால்சியத்திலும் ஒரு பங்கைக் கட்டிப் போட்டுவிடும். கால் வளைந்து, மணிக்கட்டு வீங்கி நிற்கும் குட்டிகளில் பல கூழும் சோறும் மட்டுமே தின்று வளர்ந்தவை. வெறும் கறியும் சோறும் போட்டாலும் இதே கதிதான்: கறியில் பாஸ்பரஸ் உண்டு, கால்சியம் அனேகமாக இல்லை. ரத்தத்தில் கால்சியம் குறையும்போது உடம்பு அதை எலும்பிலிருந்து உருவி எடுத்துக்கொள்ளும்.

பாலைக் கூட்டினால் ஆகாதா? ஒரு லிட்டருக்கு மேல் குடிக்க வேண்டியிருக்கும். தாய்ப்பால் மறக்க மறக்க, பால் சர்க்கரையைச் செரிக்கும் நொதி குட்டிக்குக் குறைந்துகொண்டே வரும். விளைவு, மலம் தண்ணீராகப் போகும். ஒரு கரண்டி தயிர் பரவாயில்லை.

ஜூன் 11
இன்று முதல் மாற்றம். அடிப்படை, குட்டிகளுக்கான முழுச்சத்து உலர்தீனி. பையில் ‘வளரும் குட்டிக்கு’ என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். பெரிய நாய்க்கானது ஆகாது. வீட்டுச் சமையல் நல்லதுதான், ஆனால் துத்தநாகம், தாமிரம், அயோடின், வைட்டமின் டி எல்லாம் சரியாக அமைய மருத்துவர் எழுதித் தந்த பட்டியலும் தராசும் வேண்டும். கண்ணளவில் நடக்காது.

அளவு எடுக்க கால்குலேட்டர் போதும். எடையை மூன்று முறை தன்னோடு பெருக்கு (3×3×3 = 27). வர்க்கமூல விசையை இரண்டு முறை அழுத்து: 2.28. அதை 70-ஆல் பெருக்கினால் 160. நான்கு மாதம் வரை அதில் மூன்று மடங்கு: 480 கலோரி. பையில் 100 கிராமுக்கு 370 கலோரி என்று போட்டிருந்தால் நாளைக்கு 130 கிராம். டம்ளர் கணக்கு வேண்டாம். ஒரே டம்ளரைத் தட்டி நிரப்பினால் ஒரு எடை, அள்ளிக் கொட்டினால் ஒரு எடை.

இரண்டு நாள் கால் பங்கு புதுசு, முக்கால் பங்கு கூழ். பிறகு இரண்டு நாள் பாதி, இரண்டு நாள் முக்கால். ஏழாம் நாள் முழுசும். உலர்தீனியை வெதுவெதுப்பான தண்ணீரில் பதினைந்து நிமிடம் ஊறவைத்துப் பிசைய வேண்டும். ஊறியதை அடுத்த வேளைக்கு எடுத்து வைக்கக் கூடாது. இந்த வெக்கையில் புளித்துவிடும். கடையில் பிரித்துப் பாலிதீனில் கட்டித் தரும் சில்லறைத் தீனி வேண்டாம். காற்றுப் பட்டு அதன் கொழுப்பு சிக்குவாடை அடித்திருக்கும்.

ஜூன் 14
பாதிப் பங்கில் மலம் இளகியது. நிறம் சரி, சளி இல்லை, குட்டி துள்ளுகிறது. கால் பங்குக்குத் திரும்பி இரண்டு நாள் அதே அளவில் வைத்திருந்தால் போதும். ரத்தம், வாந்தி, தீனி மறுப்பு, சுருண்டு படுப்பது, இதில் ஒன்று சேர்ந்தாலும் வீட்டு வைத்தியத்துக்கு நேரமில்லை, குட்டிகளைக் கொல்லும் பார்வோ வைரஸ் நோயாக இருக்கலாம். பிடரித் தோலைத் தூக்கி விட்டதும் சட்டென்று படியாவிட்டால் உடம்பில் தண்ணீர் வற்றிவிட்டது. ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ, பக்கத்து மருத்துவரிடமோ அப்போதே தூக்கிக்கொண்டு போக வேண்டும்.

ஜூன் 16
மலத்தில் சேமியா போலப் புழு. உருண்டைப்புழு தாயின் வயிற்றிலிருந்தே வரும். அதனால் அழுக்கான வீடு என்று யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை. தின்றும் தேறாமல் வயிறு மட்டும் பானை மாதிரி உப்பினால் முதல் சந்தேகம் இதுதான். மருந்து எடைக்குத் தக்கபடி மருத்துவர் தருவது. ஆறு மாதம் வரை மாதாமாதம்.

ஜூன் 22
எடை 4 கிலோ. கணக்கு 594 கலோரி, 160 கிராம் தீனி. கொசுறு எதுவானாலும் மொத்தக் கலோரியில் பத்தில் ஒரு பங்குக்குள்.

இன்று சாளை மீன். தலை, குடல் நீக்கி, உப்பும் மஞ்சளும் போடாமல், மூழ்கும் அளவு தண்ணீரில் குக்கரில் வைத்து, விசில் வந்தபின் சிறு தீயில் இருபது நிமிடம். நடுமுள்ளை இரண்டு விரலுக்கிடையில் நசுக்கினால் சுண்ணாம்புபோல் உதிர வேண்டும். குத்தினால் இன்னும் வேகவில்லை. உதிர்ந்த முள்ளில் கால்சியம், பாஸ்பரஸ் இரண்டும் உண்டு. பிசைந்தது 35 கிராம். ஈடாக உலர்தீனியில் 16 கிராம் குறைத்தாயிற்று. வாரம் இரண்டு தடவை போதும். பச்சையாகக் கொடுத்தால் சாளையில் உள்ள ஒரு நொதி வைட்டமின் பி1-ஐ அழிக்கும். வேகவைத்தால் அந்த நொதி செத்துவிடும். கருவாடு கூடவே கூடாது, உப்பு.

ஜூலை 6
5 கிலோ, நாளைக்கு 190 கிராம். ஊறவைக்கும் தண்ணீரைக் குறைத்துக் குறைத்து இப்போது பாதி மொறுமொறுப்பு. மூன்று மாதம் ஆகப்போகிறது, பகல் 11.30 தட்டை நிறுத்தி, மூன்று வேளையாகப் பிரிக்கலாம்.

ஜூலை 9
ஆனித் தேருக்கு ஊரெல்லாம் விருந்தாளி. சொதி ஊற்றிய சோற்றில் பூண்டும் சின்ன வெங்காயமும் உண்டு. அவை ரத்தச் சிவப்பணுவை உடைக்கும். வெந்து கரைந்தாலும் நஞ்சு நஞ்சுதான். பாயசத்துத் திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும், எத்தனை தின்றால் கெடும் என்று நிச்சயமான அளவே கிடையாது. பிரியாணிக் கோழி எலும்பு வெந்து ஊசியாகச் சிதறும். அல்வாவில் நெய்யும் சர்க்கரையும்; கணையம் தாங்காது. “பாத்துக்கிட்டே நிக்குல்லா, ஒரு வாய் குடுத்தா என்ன?” என்று கேட்கும் ஆச்சியைத் தடுக்க முடியாது. அதனால் காலையிலேயே அன்றைய தீனியில் ஒரு பிடியை எடுத்துச் சின்ன டப்பாவில் போட்டு ஆச்சி கையில் கொடுத்துவிடுவது. கொடுத்த திருப்தி அவர்களுக்கு, கணக்கும் தப்பாது.

ஜூலை 20
கடையில் கால்சியம் சிரப்பைச் சேர்த்து விற்கப் பார்ப்பார்கள். முழுச்சத்துத் தீனி தின்னும் குட்டிக்கு அது கெடுதல். ஆறு மாதத்துக்குள் குடலுக்கு மிச்சத்தை ஒதுக்கத் தெரியாது, வந்ததையெல்லாம் உறிஞ்சும், எலும்பு கோணும். முட்டை ஓட்டுப் பொடியும் அப்படியே. அதில் கால்சியம் மட்டும்தான், பாஸ்பரஸ் அனேகமாக இல்லை. முட்டை வேண்டுமானால் வேகவைத்து, பாதி.

ஆகஸ்ட் 3
பதினாறு வாரம், 7.5 கிலோ. 70-ஆல் பெருக்கி வரும் எண்ணில் இதுவரை மூன்று மடங்கு. இனி வாரா வாரம் கொஞ்சம் குறைத்து இரண்டு மடங்கை நோக்கி, அதாவது 170 கிராம் பக்கம். தராசோடு கையும் பேச வேண்டும்: விலாவைத் தடவினால் ஒவ்வொன்றாகத் தட்டுப்பட வேண்டும், மேலே இருந்து பார்த்தால் இடுப்பு ஒடுங்கித் தெரிய வேண்டும். கன்னிக்குக் கடைசி இரண்டு விலா வெளியே தெரிவது இயல்பு. “எலும்பும் தோலுமா இருக்கே” என்று தெருவில் சொல்வார்கள். கொழுகொழுவென்று ஆக்கிவிட்டால் ஓடப் பிறந்த மூட்டுக்குத்தான் பாரம்.

இரவுத் தட்டைக் கழுவும்போது அடியில் அரிசி மணி அளவில் ஒரு முன்பல். ஈறு சிவந்திருக்கிறது. நாளையிலிருந்து பத்து நாளைக்குத் தீனியை மறுபடி ஊறவைக்க வேண்டும்.