செந்நாயின் பல்லும் தென் அமெரிக்க நாயும்

வேலூர்க் கோட்டை அகழியோரம் கொட்டாவி விட்ட தெருநாயின் கீழ்த்தாடையைக் கண்டபோது, பனியுகம் எனப்படும் பிளைஸ்டோசீன் காலத்தில் தென் அமெரிக்காவில் வாழ்ந்து அழிந்த புரோட்டோசயான் என்ற நாய்க்குடும்ப விலங்கு நினைவுக்கு வந்தது. வீட்டு நாயின் கீழ் முதல் கடைவாய்ப்பல்லில் முன்பாதி இறைச்சியை வெட்டும். பின்பாதியில் இரு முகடுகள் கிண்ணம்போல் அமைந்து உணவை அரைக்கும். புரோட்டோசயானிலோ உட்புற முகடு மறைந்து, எஞ்சிய ஒற்றை முகடும் கத்தியாகவே கூர்ந்திருப்பதால், அது பெரும்பாலும் இறைச்சியையே நம்பிய விலங்கு என்பது தெளிவாகிறது. நம் செந்நாய்க்கும் ஏறக்குறைய இதே பல்தான். ஆயினும் பல்லை மட்டும் வைத்து இரண்டையும் உறவாக்குவது, மீசையைப் பார்த்து மாமன் என்பதற்கு ஒப்பாகும். பிரேசிலின் லகோவா சாந்தா குகைகளில் டென்மார்க்கின் இயற்கையியலாளர் பீட்டர் வில்ஹெல்ம் லுண்ட் கண்டெடுத்த இவ்விலங்கைப் புதர்நாய், பிடரி ஓநாய் ஆகியவை அடங்கிய தென் அமெரிக்கக் கிளையில்தான் இன்று வைக்கிறார்கள்.